வருகை யாருக்குச் சொந்தம்

ஜூன் 3

சட்டாம்பிள்ளை அக்காவுக்கு,

இப்படி ஆரம்பித்ததைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்திருப்பாய். சுளித்துக்கொண்டே படி. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் கத்த ஆரம்பிப்பேன், நான்காவதில் நீ வைத்துவிடுவாய். ஆபீஸ் மெயிலில் எழுதினால் மேனேஜர் வரைக்கும் படிப்பார்கள். அதனால்தான் தாளும் பேனாவும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சொல்லாதே, எனக்கே தெரியும்.

அந்த மீட்டிங்கைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற உதவியாளர் ஒரு வீட்டை முடித்து அடுத்த வீட்டுக்குப் போக நடுவில் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று, ப்ரோக்ராமுக்காக நீ எழுதிய மாடலில் ஒரு விதி இருந்தது. வாடிக்கையாளர் என் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, "இது இருந்தா எங்க பழைய வருகைப் பட்டியல் உள்ளேயே போகாது, எடுங்க தம்பி" என்று நச்சரித்தார். எடுத்தேன். சரியா தப்பா என்று இப்போது வாதாட வரவில்லை. ஆனால் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "இந்த விதியை அணைச்சு வச்சது என் தம்பி" என்று சொன்னாயே, அதை முந்தின நாள் சமையலறையில் என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே அடுப்பில்தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, விடு. அதன் பலனாக இங்கே வந்து கிடக்கிறேன். வாடிக்கையாளரின் கிளை அலுவலகம், பின்பக்க அறை. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் லாரி நிறுத்தும் இடம். சுவரில் ஒரு பெரிய திரை. படுக்கையோடு இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், யார் யார் வீட்டுக்கு இங்கிருந்து உதவியாளர் போகிறார்களோ அவர்கள் பெயரெல்லாம் அதில் ஓடுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, ஏதாவது தவறினால் சிவப்பு. ஜூலை கடைசியில் எல்லாக் கிளைகளுக்கும் இது போகிற வரைக்கும், அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம்.

இங்கே சூப்பர்வைசர் அம்மா நல்ல மனுஷி. "உங்க அக்காவும் ப்ரோக்ராம்தான் எழுதறாங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, ப்ரோக்ராம் எப்படி இருக்கணும்னு எழுதுவா. எது எதுக்குள்ள இருக்கு, எது எதை மீறக்கூடாது, எல்லாம் வரிவரியா எழுத்துல. அதைப் பார்த்து நாங்க கோட் அடிக்கணும்" என்றேன். "அப்போ அவங்க சட்டம், நீங்க போலீஸு" என்றார். நான் திருடன் என்பது அவருக்குத் தெரியாது.

தங்கியிருப்பது மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றை அறை. அடுத்த அறையில் ஒரு பெரியவர், காலில் ஆறாத புண், கட்டிலும் நாற்காலியும்தான் அவருக்கு உலகம். காலையில் கண் விழித்ததிலிருந்து ரேடியோ. செய்தி, பாட்டு, விளம்பரம், எதுவானாலும் சரி. சுவர் அப்பளம் கனத்தில் இருப்பதால் எனக்கும் சேர்த்துத்தான் பாடுகிறது. ரேடியோ ஐயா என்று பெயர் வைத்திருக்கிறேன். நம்ம சர்வீஸில் பதிந்தவர்தான். தினமும் காலையில் ஓர் உதவியாளப் பெண் வந்து கட்டு மாற்றி, குளிப்பாட்டி, சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறாள். பெரிய சிரிப்பு அவளுக்கு. அவர் ஏதோ சொல்வார், அவள் சிரிப்பாள், நான் இந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டே கேட்பேன். சிரிப்புச் சத்தம் என்று என் காதில் விழுவது அது ஒன்றுதான்.

அங்கேயிருந்து ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. சும்மா சொன்னேன்.

அரைகுறை

* * *

ஜூன் 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதுகிறேன்.

முதலாவது, நான் முகத்தைச் சுளிக்கவில்லை.

இரண்டாவது, மீட்டிங். அந்த விதியை யார் எடுத்தது என்று மேனேஜர் என்னைப் பார்த்து நேராகக் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டுமா? பெயரை மட்டும் சொல்லி உறவை விட்டிருந்தால், தம்பி என்பதால் பூசி மெழுகுகிறாள் என்பார்கள். அரை மணி நேரம் எதற்காக என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா? உதவியாளர்கள் வீட்டுக்கு வீடு ஓடியே சாக வேண்டாம் என்றுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுத வந்தேன் என்று மறந்துபோய்விட்டது.

வீடு நன்றாக இருக்கிறது. வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. கத்தரிக்கோலைத் தேட வேண்டியதில்லை. பால் பொங்கி அடுப்பு நாறுவதில்லை. உனக்காக ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்த விதிகள் அப்படியே இருக்கின்றன. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே. குளியலறை விளக்கை அணை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவாதே. இத்தனை வாரங்களில் ஒன்றுகூட மீறப்படவில்லை. நீ இருந்தவரை ஒரு நாளாவது இப்படி இருந்ததுண்டா?

அலுவலகத்தில் பழைய சண்டைதான். மேனேஜருக்குப் படம் வேண்டும். "நாலு பெட்டி, நாலு கோடு, பார்த்தா புரியணும்மா" என்கிறார். கோடு போடுவது சுலபம், அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை, எழுதினால்தான் மழுப்ப முடியாது என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். போன வாரம் முழு மாடலையும், விதி எங்காவது மீறப்படுகிறதா என்று சோதிக்கிற செக்கரில் ஓட்டினேன். எல்லா விதியும் பச்சை. மேனேஜர் கைதட்டினார். மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். நீ போன பிறகு என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. தம்பியையே காட்டிக்கொடுத்தவள் நம்மை விடுவாளா என்று பயம் போலிருக்கிறது.

ரேடியோ சத்தம் தாங்கவில்லை என்றால் காதில் பஞ்சு வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

ரயிலைப் பற்றி எழுதியிருந்தாய். வேலை கொஞ்சம் ஓயட்டும், பார்க்கலாம்.

அக்கா

* * *

ஜூன் 19

அக்கா,

இதைப் படித்ததும் உட்கார்ந்து யோசி. முதலாவது இரண்டாவது எல்லாம் அப்புறம்.

சில நாளாக அடுத்த அறையில் சிரிப்பு கேட்கவில்லை. ரேடியோ மட்டும் பாடுகிறது. அவள் லீவில் போயிருப்பாள், வேறு யாராவது நான் ஆபீஸ் போன பிறகு வருவார்கள் என்று நினைத்தேன். திரையில் பார்த்தேன். பச்சை. மறுநாளும் பச்சை. சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டால், "பச்சையா இருக்கே, அப்புறம் என்ன?" என்றார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். பச்சையாக இருந்தால் நம்புங்கள் என்று பயிற்சி கொடுத்ததே நான்தான்.

நேற்று சாயங்காலம் ரேடியோவில் நிலையம் விலகி வெறும் இரைச்சல். அதை யாரும் திருப்பவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

"திறந்துதான் இருக்கு" என்று குரல் வந்தது.

நாற்றம், அக்கா. புண் கட்டு கறுத்துப்போய்க் கிடந்தது. நாற்காலியிலேயே இருந்தார். பக்கத்தில் பிஸ்கட் பொட்டலம், ஒரு பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர். கீழ்வீட்டுக்காரர் வாங்கி வைத்ததாம். ரேடியோவைத் திருப்பக்கூடக் கை எட்டவில்லை.

"ஏன் ஐயா, ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போடறது? அந்தப் பொண்ணைத் திட்டிட்டேன். வெந்நீர் ஆறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மறுநாள்லேருந்து வரலை. கோவம் இருக்காதா பின்னே? யாரும் வரவேண்டாம்னு ஆபீசிலேயே முடிவு பண்ணிட்டாங்க போல. நியாயந்தான்."

நியாயந்தானாம்! அழுகையே வந்துவிட்டது எனக்கு. வெந்நீர் வைத்து என்னால் முடிந்த அளவு துடைத்துவிட்டேன். இன்று காலை டாக்டர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ரேடியோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இந்த நிமிஷமும் பச்சை. ஏன் அக்கா? அடுத்த மாதக் கடைசியில் இதே பச்சை எல்லா ஊருக்கும் போகிறது.

தம்பி

* * *

ஜூன் 26

தம்பிக்கு,

அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுது.

விதியை நான் மறுபடி படித்துப் பார்த்தேன். மாடலில் எழுதியிருப்பது இது: பதிவில் உள்ள ஒவ்வொரு பயனாளிக்கும், அவருக்கு உரிய ஒவ்வொரு வருகையும் அந்த நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் சிவப்பு. இதில் ஓர் ஓட்டையும் இல்லை. மூன்று பேர் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். செக்கர் ஒத்துக்கொண்டிருக்கிறது.

விதி சரியாக இருந்து விளைவு தப்பாக இருக்கிறது என்றால், நடுவில் இருப்பது உன் கோட்தான். கேட்க எனக்கும் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன். இந்த முறை எதை அணைத்து வைத்தாய்? யாராவது நச்சரித்தார்களா? சொல்லிவிடு. இப்போதே சொன்னால் திருத்திக்கொள்ளலாம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா

* * *

ஜூலை 2

அக்கா,

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. நீ முதலில் கேட்டதால் முதலில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். அப்புறம் பொறுக்கி எடுத்தேன். எதை அணைத்தாய் என்றா கேட்கிறாய்? ஒரு வரியை, ஒரு புள்ளியைத் தொடவில்லை. அந்த மீட்டிங்குக்குப் பிறகு உன் மாடலைக் கையில் எடுத்தாலே பயம். நீ எழுதினதை எழுத்துப் பிசகாமல் அப்படியே கோட் அடித்தேன். அதுதான் வினை.

என்ன நடந்தது என்று கேள். அந்தச் சிரிக்கிற பெண் கோபித்துக்கொண்டு போகவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்து, முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். திட்டினது அவளுக்கு நினைவுகூட இல்லையாம். கிளையில் அவள் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தார்கள். இப்போது உன் மாடலைத் திற. வருகை எதற்குள் இருக்கிறது? உதவியாளருக்குள். உதவியாளரை எடுத்தால் உள்ளே இருப்பது எல்லாம் சேர்ந்து போகும், அப்படித்தானே எழுதியிருக்கிறாய்? போய்விட்டது. நாளைய வருகை, அடுத்த வார வருகை, எல்லாம் அவளோடு போய்விட்டது. ஐயாவுக்கு என்று பதிவில் ஒரு வருகைகூட இல்லை. அப்புறம் உன் விதி வந்து கேட்கிறது: இவருக்கு உரிய ஒவ்வொரு வருகையும் முடிந்ததா? ஒன்றுமே இல்லையே, எது முடியாமல் இருக்கும்? பச்சை!

கோட் அடிக்கும்போதே அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தியது. முன்பு என்றால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டிருப்பேன், "ஏன்க்கா, இந்த ஆளு வேலையை விட்டுட்டா என்ன ஆகும்?" என்று. நீ கத்தியை என் பக்கம் நீட்டி, "அரைகுறை, குறுக்கே பேசாதே" என்பாய். பத்து நிமிஷம் கழித்து வந்து, "ஆமாடா, இடிக்குது" என்பாய். நம்மிடம் இருந்த நிஜமான செக்கர் அதுதான். இந்தத் தடவை கேட்கவில்லை. சட்டாம்பிள்ளை எழுதினது, நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஐயா ஒருவர் மட்டும் இல்லை. வேறு சில உதவியாளர்களும் வேலையை விட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் அம்மாவும் நானும் அவர்கள் பார்த்துவந்த வீடு வீடாகப் போய்த் தட்டினோம். நல்லவேளை, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள், அக்கா. ஓர் அம்மா, "எங்க வீட்டுல நாய் இருக்கே, அதான் வரலை" என்றார். இன்னொருவர் தான் அதிகம் பேசி அறுத்ததால் என்றார். யாருமே எங்கள் மேல் தப்பு சொல்லவில்லை. வராதவர்கள் மேல் கோபப்படுவதற்குப் பதிலாகத் தங்களிடமே குற்றம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது கிடக்கட்டும்.

ஐயா ஆஸ்பத்திரியில். அடுத்த அறையில் சத்தமே இல்லை. ரேடியோ இல்லாமல் இந்தச் சுவர் என்னவோ செய்கிறது.

நிறுத்து, அக்கா. எல்லா ஊருக்கும் போவதற்கு முன்னால் இதை நிறுத்து. நான் சொன்னால் விதியை அணைத்தவன் சொல்கிறான் என்பார்கள். நீதான் சொல்ல வேண்டும்.

தம்பி

* * *

ஜூலை 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஒரு காரியம் செய்தேன். செக்கரில் கற்பனையாக ஓர் ஊரை உண்டாக்கினேன். அதில் ஒரே ஒரு பெரியவர். உதவியாளர் இல்லை, வருகை இல்லை, கூட யாருமே இல்லை. ஓட்டினேன். எல்லா விதியும் பச்சை. இப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஆட்கள் நிறைந்த ஊரைத்தான் வைத்துச் சோதித்தேன்.

மறுநாள் மீட்டிங்கில் எழுந்து நின்றேன். அதே அறை, அதே ஆட்கள். "வருகையை உதவியாளருக்குள்ள வச்சது நான். காலியா இருந்தா என்ன ஆகும்னு கேட்காம விட்டதும் நான். இது எந்த ஊருக்கும் போகக் கூடாது" என்றேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பச்சைன்னு கைதட்டினோமேம்மா" என்றார். மேலிடத்தில் பேசியிருக்கிறார், தள்ளிப்போட்டாகிவிட்டது. உன் பெயரையும் சொன்னேன். கண்டுபிடித்தது என் தம்பி என்று. முன்பு சொன்ன அதே குரலில் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். குரல் உடைந்துவிட்டது.

மாடலை மாற்றிவிட்டேன். வருகை இனி பயனாளிக்குள் இருக்கும். உதவியாளரின் பெயர் அதில் ஒரு குறிப்பு மட்டும். அவர் வேலையை விட்டால் பெயர் போகும், வருகை போகாது, ஆளில்லாமல் சிவப்பாக நிற்கும். ஒரு வருகைகூட இல்லாத பயனாளியும் சிவப்புதான். யார் எத்தனை மணிக்கு எங்கே போகிறார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் யார் காத்துக்கொண்டிருக்கிறார் என்று யோசித்திருந்தால் முதல் நாளே இப்படித்தான் எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள். ஒன்றுகூட மீறப்படவில்லை என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, நினைவிருக்கிறதா? யார் இருக்கிறார்கள் மீறுவதற்கு! உட்கார்ந்து அழுதேன். நன்றாகவே அழுதேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி நான் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. ஏனென்றால் வருகிறேன் என்று சொன்னதே இல்லை. 'பார்க்கலாம்' என்றுதான் எழுதினேன். உனக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்கிறது என்று எழுதி, கிடக்கட்டும் என்று விட்டாய். எனக்குப் புரிந்தது. உன்னிடம் ஒரு குற்றமும் இல்லை, தம்பி.

ஜூலை 20, சனிக்கிழமை, காலை ரயிலில் வருகிறேன்.

அக்கா

* * *

ஜூலை 21

அக்கா,

நீ வரவில்லை.

காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அறையைப் பெருக்கி, விரிப்பைத் துவைத்து, உனக்கென்று ஒரு நாற்காலி வாங்கி வைத்துவிட்டுப் போனேன். ரயில் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், துப்புரவு செய்கிறவர்கள் ஏறினார்கள். அதற்கப்புறம்தான் போனில் உன் ஒற்றை வரி. 'மேலிடத்திலிருந்து வந்துவிட்டார்கள், மாடலை விளக்கச் சொல்கிறார்கள், கிளம்ப முடியவில்லை.' அடுத்த ரயிலிலாவது வருவாயோ என்று சாயங்காலம் வரைக்கும் மாடி ஜன்னலில் நின்றேன். வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கு.

ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். நேற்று நான் ஜன்னலில் நிற்பதை நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம் இப்போது, இரண்டு பேரும்.

அவருக்கு ஒரு கூத்து நடந்தது. உன் புதிய மாடலை இந்தக் கிளையில் மட்டும் சோதனைக்குப் போட்டிருக்கிறோம் அல்லவா? வியாழக்கிழமை புது உதவியாளர் பஸ் கிடைக்காமல் தாமதம். ஐயா பெயர் சிவப்பாகிவிட்டது. திரை கத்துகிறது, சூப்பர்வைசர் அம்மா செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினார், பின்னாலேயே நான். மூச்சிரைக்கப் போய் நின்றால், ஐயா சாவகாசமாகச் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னோம். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"எனக்கா? எனக்காகவா சிவப்பாச்சு?"

"ஆமாய்யா."

"எல்லாரும் பாத்தாங்களா?"

மாடியில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு நடந்த மாதிரி பெருமை. புது உதவியாளர் வந்ததும் அவனைக் கூப்பிட்டு, தாமதமாக வந்ததற்கு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவன் சிரித்தான். மறுநாளும் வந்தான்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம், அக்கா. பயங்கரக் கோபம். நேற்று பூராவும் நீ வராததற்கு என்னிடம் ஒரு காரணம் தேடவில்லை. கையெழுத்து சரியில்லையா, கடுமையாக எழுதிவிட்டேனா, முன்பு செய்ததை நீ இன்னும் மறக்கவில்லையா, எதுவும் இல்லை. தப்பு முழுக்க உன் மேல்தான். வருகிறேன் என்றாய், வரவில்லை. அந்த வருகை என்னுடையது, எனக்குச் சேர வேண்டியது. யார் வந்து எந்த மாடலை விளக்கச் சொன்னாலும் அது போகாது.

நாற்காலி காலியாக இருக்கிறது. ஐயா அதன் மேல் தன் துண்டைப் போடுகிறார், வேண்டாம் என்று எடுத்துக்கொடுக்கிறேன்.

தம்பி

* * *

ஜூலை 27

தம்பிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உன் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நான் கிளம்பியிருக்கலாம். விளக்கம் மதியத்துக்கே முடிந்துவிட்டது. சாயங்கால ரயில் இருந்தது. பெட்டி கையில்தான் இருந்தது. கால் வரவில்லை. உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயம். உன் கடிதத்தில் கோபத்தைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது. கோபமாக இருக்கிறவனை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும். சும்மா சொன்னேன் என்று எழுதுகிறவனைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

உன் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ரேடியோ. நான் பெட்டியோடு நிற்பதைப் பார்த்து, "யாரும்மா?" என்றார்.

"அடுத்த அறைத் தம்பியைப் பாக்க வந்தேன். அவனோட அக்கா."

ரேடியோவை அணைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது? போன சனிக்கிழமை இல்ல வந்திருக்கணும்?"

"ஆமாங்க."

"ஒரு வாரம் லேட்டு."

"ஆமாங்க."

"பையன் பருப்பு வாங்கக் கீழ போயிருக்கான். வரட்டும், நல்லா திட்டுவான். நான் சொல்லிக் கொடுத்திருக்கேன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ள வந்து உக்காருங்களேன்" என்றார். படியிலேயே இருக்கிறேன் என்றேன். அவர் காலைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்தக் காலில் இல்லாத இரண்டு விரலுக்கு என் மாடலில் ஒரு வரி பொறுப்பு. அவரிடம் அதை இன்று சொல்ல வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன்.

ஃப்ரிட்ஜ் கதவுத் தாளைக் கிழித்துவிட்டேன். ஈரத் துண்டு விதி மட்டும் இருக்கிறது, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. மேனேஜரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் உன்னைத் திரும்ப அழைக்கிறார்கள். வர இஷ்டமா என்பது உன்னைப் பொறுத்தது. வராவிட்டால் மாதம் ஒரு சனிக்கிழமை எனக்கு ரயில்தான்.

கீழே கேட் திறக்கிற சத்தம். யாரோ படியை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் உன்னிடம்.